குளம் திருப்பித் தந்த மூட்டை

கடைக் கதவைத் திறக்க வந்த தையல்காரர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவர் குளத்தில் போட்டுவிட்டு வந்த மூட்டை, அவருக்கு முன்னால் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

அதே மூட்டைதான். பழைய திரைச்சீலையை வெட்டி அவர் கையாலேயே தைத்தது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, படி இறங்கித் தெருவரை போயிருந்தது. மேலே ஒரு நத்தை, சொந்த வீட்டில் உலாத்துவது மாதிரி சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது. படியில் மூன்று விரல் பதிந்த ஈரக் காலடிகள் வேறு.

நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சூ," என்றார். அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மூட்டைக்குள் இருந்தது கொலையுண்ட பிணமல்ல, வெட்டிப்போட்ட துண்டுத்துணிதான். குப்பை வண்டிக்காரர் துணியை ஏற்ற மாட்டேன் என்கிறார், இயந்திரத்தில் சுற்றிக்கொள்கிறதாம். ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குப் போய் நாமே கொடுத்துவிட்டு வர வேண்டும். தையல்காரருக்குப் பத்து நிமிஷ நடையில் குளம் இருந்தது. உடம்பு வணங்காத மனுஷனுக்கு அது போதாதா?

சிக்கல் என்னவென்றால், குளம் காக்கும் குழுவின் தலைவி அவருடைய மனைவி. ஞாயிற்றுக்கிழமை குளத்தைச் சுத்தம் செய்யப் போகிறவர்களுக்காக அறுபது ஆரஞ்சு மேல்சட்டைகளைத் தையல்காரர்தான் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டையில் இருந்ததும் அந்தச் சட்டைகளின் மிச்சம்தான்.

பதறிப்போய் மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டார். சாயங்காலம் குளத்தின் மறுகரைக்குச் சுற்றிப்போய், கோரைப்புல் மண்டியிருந்த இடத்தில் அதை விட்டெறிந்தார். மூட்டை மிதந்தது. பிறகு யாரோ கீழேயிருந்து இழுத்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அது மறுபடியும் வாசற்படியில் இருந்தது. இந்தத் தடவை இரண்டு நத்தைகள்.

நாரையும் எதிர்ச் சுவரில் ஆஜர். அப்போதுதான் கவனித்தார். அதன் காலில் சேறு அப்பிய துணி ஒன்று சுற்றியிருந்தது; ஒரு ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. அந்த நிறம் ஊரிலேயே அவர் கடையில் மட்டும்தான் உண்டு.

மூட்டையை மேஜைக்கு அடியில் தள்ளி, மூச்சு விடுவதற்குள் மனைவி கடைக்குள் வந்துவிட்டாள்.

"எத்தனை முடிஞ்சதுங்க?"

"அம்பத்திரண்டு."

அவள் ஒரு சட்டையை எடுத்துப் பிரித்தாள். "கழுத்துல உங்க கடை லேபிளா? குளத்தைக் காப்பாத்துறது நாங்க, பேரு உங்களுக்கா?"

"கை தன்னால தைச்சிடுதும்மா. நான் என்ன பண்ண?"

"தலையணை உறையில லேபிள், காய்கறிப் பையில லேபிள். நல்லவேளை, கல்யாணத்தன்னிக்கு என் புடவையை விட்டு வச்சீங்க." சிரித்தவள் மூக்கைச் சுருக்கினாள். "அது என்னங்க, கடையில பாசி வாசனை?"

"புதுத் துணி. அப்படித்தான் இருக்கும்."

மேஜைக்கு அடியிலிருந்து மெல்ல ஓடிவந்த தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது. அவள் குனிந்து, தரையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நத்தை எப்படிங்க இங்க வந்துச்சு?"

"நடந்துதான் வந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "அந்த நாரையை நேத்தும் பார்த்தேன். கால்ல துணி இறுகிப் போயிருக்கு. கிட்டப் போனா பறந்துடுது. இப்படியே விட்டா கால் அழுகிடும்னு சொல்றாங்க. சோறே இறங்கல எனக்கு. அந்தத் துணியைப் போட்டவன் மட்டும் கையில கெடைக்கட்டும். போட்டோ எடுத்து குளத்தங்கரைப் பலகையில ஒட்டப்போறேன்."

போட்டோவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. இருபத்திரண்டு வருஷமாக, 'என் வீட்டுக்காரர் ஒரு தப்புத்தண்டாவுக்கும் போகமாட்டார்' என்று தெருவெல்லாம் சொல்லிவருகிறவள் அவள். அவள் முகம் மாறுவதை அவர் பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் கவலை. அன்று மிச்சமிருந்த எட்டுச் சட்டையைத் தைத்து முடிப்பதற்குள் ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.

யாரோ மனுஷர்தான் கொண்டுவந்து வைக்கிறார் என்று முதலில் தேற்றிக்கொண்டார். அப்புறம் யோசித்தார். மனுஷனாக இருந்தால் நேரே அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பேர் வாங்கியிருப்பான். ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் வைத்துவிட்டுப் போகிற மனுஷனை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆகவே அது மனுஷனில்லை.

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் கிடந்த மூன்று செங்கல்லையும் உள்ளே போட்டு மூட்டையைக் கட்டினார். ஆழமான பக்கம் பார்த்து இறக்கினார். மூட்டை முங்கியது. குமிழிகள் வந்தன. குமிழிகள் நின்ற பிறகும், தண்ணீருக்கு அடியில் ஏதோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்னண்ணே, நடையா?"

துள்ளித் திரும்பினார். குளத்துக் காவலாளி. பாசி இழுக்கிற கொக்கிக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். இருட்டுகிற நேரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"ஆமா. நடைதான்." தையல்காரர் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தக் குளத்துல... ஏதாவது இருக்கா?"

காவலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"உங்க வாசல்ல நடக்கிறது எனக்குத் தெரியும்ணே. நீங்க வாயே திறக்காதீங்க. அக்கா காதுக்குப் போச்சுன்னா தாங்க மாட்டாங்க. அது யாருன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அது... யாருன்னா?"

"ராத்திரி வருதா, பகல்ல வருதான்னே தெரியல. ஆனா உங்களை விடாதுண்ணே. உங்க மேல அதுக்கு என்னமோ இருக்கு."

தையல்காரர் வீட்டுக்கு ஓடவில்லை. ஓடினால் கௌரவம் போய்விடும். ஆனால் பத்து நிமிஷ நடை அன்று நாலே நிமிஷத்தில் முடிந்தது.

சனிக்கிழமை காலை மூட்டை வந்திருந்தது. பக்கத்தில் மூன்று செங்கல்லும் சேறு போகக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சுத்தம்தான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. மூட்டையைக் கடைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு காய்ச்சல் என்றார். நிஜமாகவே காய்ச்சல் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனாள். அறுபது ஆரஞ்சுச் சட்டைகளும் வரிசையாக நின்றன. அவள் பேச ஆரம்பித்தாள். பாதியில் எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு நாரை நடந்து வந்தது. இல்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கூட்டத்தில் யாரையும் பார்க்காமல் நேரே தையல்காரருக்கு எதிரே வந்து, கால் மடங்கி உட்கார்ந்தது.

துணி சதைக்குள் இறங்கியிருந்தது. ஓரத்தில் தன் கத்தரியின் வெட்டு அவருக்கே தெரிந்தது. அவர் பயமெல்லாம் எங்கே போயிற்றோ, மண்டி போட்டார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல் வெட்டியை எடுத்து, மெல்ல மெல்ல, ஒவ்வொரு இழையாக வெட்டினார். நாரை கொத்தவில்லை. கடைசி இழை விட்டதும் காலை ஒரு தரம் நீட்டிப் பார்த்தது. சிறகை விரித்துக் குளத்தின் மேல் தாழப் பறந்து போனது.

எல்லோரும் கைதட்டினார்கள். மனைவியின் கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீங்களா? இவர்தான் என் வீட்டுக்காரர்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "ஒரு எறும்புக்குக்கூட இவரால கெடுதல் வராது."

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான்மா போட்டேன். அந்தத் துணியெல்லாம் நான்தான். போன மாசத்துலேர்ந்து அப்படியே அள்ளிப் போட்டேன். இந்த வாரம் மட்டும் மூட்டையா கட்டி மூணு தடவை போட்டேன். அது திரும்பத் திரும்ப வந்துடுச்சு. குளத்துக்கே பொறுக்கல. என்னை மன்னிச்சிடு."

அவள் முகம் மாறியது. அவர் பயந்த மாதிரியேதான் மாறியது. பிறகு அவள் செல்போனை எடுத்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு போட்டோ எடுத்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து காவலாளி கொக்கிக் கழியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே இப்படி வாயை விட்டுட்டீங்க? மூட்டை அடியில உங்க கடை லேபிளைப் பார்த்துட்டு, எவனோ பாவி உங்க சாமானைத் திருடிக் குளத்துல போடுறான், செங்கல்லைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கிறான்னு நெனச்சு, நான்தானே தினமும் விடியறதுக்கு முன்னாடி சுமந்துட்டு வந்து உங்க வாசல்ல பத்திரமா வச்சேன்!"