எழுபத்தாறு புள்ளி எடுத்த நிரல்

அன்புள்ள மருமகன் ஷிஹாமுக்கு,

மாத்தளையிலிருந்து பெரிய மாமா மின்னஞ்சலில் எழுதுவது. முதலில் ஸலாம். அடுத்து உன் உம்மாவின் முழங்கால் வலி குறைய துஆ. மற்றதெல்லாம் முறைப்பாடு.

"மாமா, இதுல எத்தன 'என்றால்' ஈக்கி?" என்று போன மாதம் நீ கேட்டாய். என் மகள் நிஷ்மியாவின் கல்யாணச் சாப்பாட்டில் யார் எந்தச் சஹனில் உட்காருவது என்று தீர்மானிக்க நான் எழுதிய கணினி நிரலைப் பார்த்துத்தான் கேட்டாய். ஒரு சஹன் சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர். ஆண்கள் பக்கம் மட்டும் நாற்பது சஹன். "தேவையான அளவு ஈக்கி" என்றேன். நீ அதை நிரல்களை அளக்கும் ஓர் அளவுகோல் செயலியில் போட்டு, அந்த அளவுகோலை எனக்கும் இறக்கித் தந்து, "மாமா, 43" என்று மட்டும் எழுதிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டாய். முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு 43 என்றால் என்ன அர்த்தம்? பரீட்சையில் அது வெறும் சாதாரண சித்தி, தப்பிப் பாஸ்! அவமானமாகப் போய்விட்டது. உட்கார்ந்து திருத்தினேன். சீனி வருத்தம் உள்ளவர் என்றால், மூக்குக் கண்ணாடி போட்டவர் என்றால், நிலத்தில் சம்மணம் போட முடியாதவர் இல்லை என்றால் என்று சேர்க்கச் சேர்க்கப் புள்ளி ஏறியது. எழுபத்தாறு. விசேட சித்தி. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கோப்பை வட்டிலப்ப இனிப்போடு அலுவிகாரைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் தனுஷா என் பழைய மாணவி.

"சேர், இது புள்ளி இல்லங்க சேர். காய்ச்சல் மாதிரி. பத்துக்கு மேல போனாலே கவனிக்கணும்."

"அப்ப எனக்கு?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற கேஸ் சேர்" என்றவள் வட்டிலப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதானாம். அலுவிகாரையில் பஸ் ஏறித் தம்புள்ளைக்கு நேரே போனால் ஒரு வழி. நடுவில் ஒரு சந்தியில் திரும்பலாம் என்றால் இரண்டு வழி. ஒவ்வொரு 'என்றால்'உம் ஒரு சந்தி; எண்ணி, ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அந்த எண். என் நிரலில் எழுபத்தைந்து சந்திகள். எழுதிய நானே வழி தவறி நிற்கிறேன். பரீட்சித்துப் பார்த்தால் பதினேழாம் சஹனில் யார் யார் தெரியுமா? உன் சின்ன மாமா நளீமும், உன் மாமியின் மூத்த சகோதரர் யாகூப் நானாவும்! யாகூபின் பலா மரத்து இலை நளீமின் கூரைப் பீலியை அடைத்த நாளிலிருந்து இரண்டு வருடமாக முகம் பார்க்காத இரண்டு பேர். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரே சோற்றில் கை வைக்கச் சொன்னால், ஒருவர் எழும்பிப் போவார், மற்றவர் கத்துவார், நிஷ்மியாவின் கல்யாணம் அந்தக் கதையாகத்தான் ஊரில் நிற்கும். எங்கே பிழை என்று தேட நிரலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். தேடினேன், நடந்தேன், திரும்ப வந்து தேடினேன். "கல்யாண வீட்டுச் சுவருல இது என்னா?" என்று உன் மாமி கேட்டதற்குப் பதில் சொல்லவும் நேரமில்லை.

தனுஷா சொன்னபடி நிரலைச் சிறு துண்டுகளாக உடைத்தேன். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி, கேள்வியே அதன் பெயர். மூக்குக் கண்ணாடியெல்லாம் குப்பைக்குப் போனது. 'முடியாதவர் இல்லை' என்பதை 'முடிந்தவர்' ஆக்கினேன். எழுபத்தாறு முப்பத்தொன்றாகி, இப்போது எல்லாத் துண்டும் சேர்ந்து பதினாலு. அதற்குக் கீழே இறங்கவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது 'என்றால்' அந்த இருவரைப் பிரித்து வைக்க மட்டும். அதைத் தொட்டால் வேறொரு மூலையில் இருவரும் ஒன்றாக வந்து உட்காருகிறார்கள். ஞாயிறு கல்யாணம், இன்று வியாழன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மடிக்கணினியோடு வந்து சேர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் படிப்பிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

உன் மாமா,
ஹஸீப்

பி.கு.: நாளை வர வேண்டாம். பெயரைத் தட்டி முடிக்கும்போது நளீம் விருந்தாளிகள் உட்காரும் கதிரைகளின் கணக்குக் கேட்டு வந்தான். சுவரில் புதுத் தாளைப் பார்த்தான். கணினியைத் தொட்டே இராதவன், ஆனால் நான் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. 'நளீமுக்குப் பக்கத்தில் யாகூபா?' என்பது ஒரு துண்டின் பெயர். உடனே போன் எடுத்தான். "மச்சான், நளீம் பேசுறேன். நானா ஒங்க பேரையும் சுவத்துல ஒட்டி வெச்சீக்கிறாரு, வந்து பாருங்க." யட்டவத்தயிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் யாகூப். இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று வாசித்தார்கள். "ஒம்பது எடம் மச்சான்!" "என்னா மனுசன் இவரு!" ஞாயிறு முதலாம் சஹனில் இருவரும் ஒன்றாக உட்காருவார்களாம், நான் அந்தப் பக்கம் வரக்கூடாதாம். அந்த ஒன்பது 'என்றால்'ஐயும் அழித்து, என்னைத் தள்ளி உட்கார்த்த ஒன்றைச் சேர்த்தேன். பதினாலு இப்போது ஆறு. ஞாயிறு பசியோடு வந்து என்னோடு உட்கார். அதற்கு முன், உன் அலுவலக நிரலில் ஒரு 'என்றால்'ஐ அழித்துவிட்டு ஓட்டிப் பார்.