பீரோவுக்குள் பன்னிரண்டு உயிரெழுத்து

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. தேவைப்பட்டால் பேசுவேன். தேவை அதிகம் வந்ததில்லை. அப்படிப்பட்ட என் குரலைப் போய் ஒரு பெண் ஆராய்ச்சிக்கு எடுத்தாள். என் வேலை போகப் பார்த்தது.

பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மென்ட். மோட்டார் போடுவது, பல்பு மாற்றுவது என் வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறேன் என்று செக்ரட்டரி சார் சொல்லியிருந்தார். அன்று முப்பதாவது நாள். மனைவியிடம் வேலை நிரந்தரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவள் அவளுடைய அப்பாவிடம் சொன்னாள். (அவர் ஊருக்கே சொல்லிவிட்டார்.)

கீழ்வீட்டு டீச்சரம்மாவின் மகள் ஷெர்லி. பொத்தேரிப் பக்கம் காலேஜ். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அ, ஆ சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நீட்டுகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் அளப்பாளாம். (நான் எட்டாவதோடு நின்றவன். அ, ஆ முடிந்துபோன பாடம் என்றிருந்தேன்.)

"அண்ணா, நீங்க தாம்பரம்தானே? ஒரே ஒரு ஆள்தான் குறையுது. அரை மணி நேரம் போதும்" என்றாள்.

"சரி" என்றேன்.

சத்தமே இல்லாத இடம் வேண்டுமாம். அம்மாவின் பீரோவைத் திறந்தாள். புடவைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றாள். நடுத்தட்டைக் கழற்றி மைக் வைத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை உள்ளே விட வேண்டும். விட்டேன். இடப்பக்கம் பட்டு, வலப்பக்கம் காட்டன். நடுவில் நானும் அந்துருண்டை வாசமும்.

ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். டீச்சரம்மா மிக்ஸி போடக் கூடாது என்று உத்தரவு. (சட்னி பாதியில் நின்றது.) அப்படியும் ஏதோ ஒரு சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. மோட்டார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார் ரூம். அப்போதுதான் போட்டிருந்தேன், மேலே டேங்க் காலி. ஷெர்லி நிறுத்தச் சொன்னாள், போய் நிறுத்திவிட்டு வந்தேன். காலை எட்டரை மணி. எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரம். அது எனக்குத் தோன்றவில்லை.

ஷெர்லி கட்டிலுக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள்.

"ஆ சொல்லுங்கண்ணா."

"ஆ."

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"தொறந்துதான் கீது."

டாக்டரிடம் நாக்கை நீட்டுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். ஈ. ஊ. ஏ. புடவைகள் என் குரலை உறிஞ்சின. உறிஞ்ச அதிகம் இல்லை.

மூன்றாவது மாடியில் செக்ரட்டரி சார் தலைக்குச் சோப்புப் போட்டிருந்தார். தண்ணீர் நின்றது. இடுப்பில் துண்டோடு இறங்கி வந்தார். மோட்டார் ரூமில் நான் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார். திறந்த பீரோ. அதற்குள் தலையை விட்டபடி நான்.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "பட்டப்பகல்ல பீரோவுலயே கைய வைக்கிறியா?"

என் வாயிலிருந்து ஆ என்று ஒரு அலறல் வந்தது. அது நான்தான் என்று எனக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. தலையோடு ஒரு பட்டுப்புடவையும் வெளியே வந்தது. ஷெர்லி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

டீச்சரம்மா ஓடி வந்தார். "திருடன் இல்ல சார். எம் பொண்ணுதான் பீரோவுல ஒக்கார வச்சா."

இதில் செக்ரட்டரி சார் சமாதானம் ஆகவில்லை. "மேல தண்ணி இல்லாம நிக்கிறேன். இவன் இங்க ஆனா ஆவன்னா படிக்கிறான். நாளையிலேர்ந்து நீ வரவேணாம்பா."

மாமனார் முகம் ஞாபகம் வந்தது. போய் மோட்டார் போட்டேன்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்தேன். செக்ரட்டரி சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சோப்புத் தலையில் ஹெட்போனோடு. மோட்டாரை நிறுத்தச் சொன்னது தான்தான் என்று சொல்லி, ஷெர்லி பதிவானதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். என் முணுமுணுப்பு, அவர் சத்தம், என் அலறல். மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை சோப்பு கண்ணில் இறங்கியும் சிரித்தார்.

"ஒரு மாசமா எதைக் கேட்டாலும் தலைய ஆட்டுறான். இவனுக்குள்ள இவ்ளோ வாய்ஸா?" என்றார். என்னிடம் திரும்பி, "இன்னும் ஒரு மாசம் பாக்குறேன்" என்றார்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு வருடம் ஆகிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஷெர்லி பாஸாகி, எனக்கு ஒரு தாள் கொடுத்தாள். என் உயிரெழுத்தெல்லாம் அதில் புள்ளிகள். மற்றவர்களுக்குத் தாள் முழுக்கப் பரவியிருக்குமாம். என்னுடையவை ஆபீஸ் நேரத்து மின்சார ரயில் மாதிரி ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றன. ஒன்று மட்டும் தனியாகத் தாளின் ஓரத்தில். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம், எனக்காகப் போட்டுக் கொடுத்தாளாம்.

மனைவி அதை ஹாலில் ஒட்டிவிட்டாள். விருந்தாளி வந்தால் என் மகள் விரலை வைத்துக் காட்டுகிறாள்.

"இதெல்லாம் அப்பா பேசுனது. இது மட்டும் செக்ரட்டரி அங்கிள் பேச வச்சது."