கதவுச் சத்தத்தில் உயிர் காப்பவர்

குராபின் ஊரில் சனிக்கிழமை காலை கால்பந்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேராது. பழைய கார் விற்கும் டெஸ்மண்டின் மைதானத்தில் சேரும். காரணம், கிளைவ் டகனின் காது. கார்க் கதவை ஓங்கிச் சாத்துவார், கண்ணை மூடுவார். மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். காணிக்கை உண்டு. பிழைக்காத கார் என்றாலும் அதே காணிக்கைதான், நியாயஸ்தர்.

கோர்டன் விக்ரி பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஆகவே வரிசையில் முதல் ஆளாக நின்றார். மகள் பிரைடிக்கு அடுத்த மாதம் பிரசவம். கங்காரு குறுக்கே பாயும் சாலையில் பேரக்குழந்தை போகப்போகிற வண்டி, விளையாட்டா? எதிரே இரண்டு குடும்பக் கார்கள். வெள்ளை பழசு, நல்ல கனம். சாம்பல் நிறக் கார் புதுசு, லேசானது.

கிளைவ் சாம்பல் காரைச் சாத்தினார். "சவப்பெட்டி, வாத்தியாரே." வெள்ளையைச் சாத்தினார். "இது அம்மா மடி."

கோர்டனுக்குப் புல்லரித்தது. தானும் ஒருமுறை சாத்திப் பார்த்து, ஏதோ விளங்கியவர்போலத் தலையாட்டினார்.

பக்கத்தில் நின்ற பிரைடி போனை நீட்டினாள். மோதல் சோதனையில் வெள்ளைக்கு ஒரே நட்சத்திரம், ஸ்டியரிங் நெஞ்சில் வந்து இடிக்கிறது, சாம்பலுக்கு ஐந்து. சோதனைக்கூடம் வேறு, அனுபவம் வேறு என்று கோர்டன் வாதாடினார். பாடம் நடத்திச் சம்பளம் வாங்கும் அதே வாயால்.

"சரி கிளைவ் அண்ணே," என்றாள் பிரைடி. "காதுதான வேலை செய்யுது? கண்ணைக் கட்டிக்கங்களேன்."

ஊரே பார்க்கும்போது எப்படி மறுப்பது? மைதான ஓரத்தில் இறைச்சி சாசேஜ் சுட்டு விற்கும் கடையின் துண்டால் அவர் கண்ணைக் கட்டினாள். கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். சாம்பல் காரின் கதவைச் சாத்தினாள்.

"சவப்பெட்டி."

அதே கதவை மறுபடி சாத்தினாள்.

"அம்மா மடி. சந்தேகமே இல்ல."

டெஸ்மண்ட் தன் தொப்பியைத் தொட்டுத் தொட்டு என்னவோ சைகை காட்டிக்கொண்டிருந்தார். துண்டுக்குப் பின்னால் அது எட்டவில்லை. ஊருக்கு எட்டியது, விலைபோகாமல் கிடந்த வெள்ளைக் கார் திடீரென்று அம்மா மடி ஆன கதையும் விளங்கியது.

பிரைடி வயிற்றைத் தாங்கியபடி நாலு எட்டு நடந்து இன்னொரு கதவைச் சாத்தினாள். கிளைவ் தலையைச் சாய்த்து ரசித்தார்.

"நல்ல கனமான வண்டிம்மா. அஞ்சு பேரு போனா அஞ்சு பேரும் வீடு திரும்புவாங்க."

துண்டை அவிழ்த்தாள். எதிரே சாசேஜ் கடை ஃபிரிட்ஜ் நின்றது. உள்ளே வெங்காயம் இருந்தது.

கோர்டன்தான் முதலில் சிரித்தார். "இந்தக் காதை நம்பித்தான்டா நானும் தலையாட்டினேன் கண்ணு," என்று மகளிடம் ஒப்புக்கொண்டார். சிரித்து முடித்ததும், ஸ்டியரிங் இடிக்கும் இடம் அவருக்கு நினைவுக்கு வந்தது. சாம்பல் காரின் சாவியை வாங்கினார்.

ஊர் திருந்தியதா? பின்வரிசையிலிருந்து ஒருவன் அந்த ஃபிரிட்ஜ் என்ன விலை என்று விசாரித்தான். கோர்டனிடம் அறிவியல் படித்தவன். காதைத் தீட்டியது போதும் ஐயா, மூளைக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.