துளசிராமன் காட்டிய கோடு

காக்களூர் எஸ்டேட் பக்கம் கார் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் துளசிராமன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டாவுக்கு முன்னாலேயே சபதம் எடுத்தார். உயிர் போனாலும் சரி, மனைவி குணசுந்தரி கைக்குத் தன் கார் சாவி போகக் கூடாது.

அவளோ, பொன்னேரியில் இருக்கும் தங்கை சுமலதா வீட்டுக்கு அன்று தானே ஓட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கூட அவர் பார்த்ததில்லை.

பழைய கார்தான். ஆனால் தான் குளிக்காத நாளிலும் துளசிராமன் அதைக் குளிப்பாட்டுவார். நேரே 'முடியாது' என்று சொல்லலாம். அந்தத் தைரியம் கல்யாணமான வாரமே கழன்று விழுந்துவிட்டது. அதனால், அவள் தலை பின்னிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கையில் கிடைத்த துண்டைச் சைலன்சர் வாய்க்குள் திணித்தார்.

குணசுந்தரி வந்ததும் சாவியைத் திருகிக் காட்டினார். வண்டி இருமியது, முக்கியது, நடுங்கியது.

"இன்னாங்க ஆச்சு?"

"இன்ஜின் பூட்ச்சு, குணா. வால்வு காலி."

"நேத்து நல்லா ஓட்டிக்கினு வந்தீங்களே?"

"நேத்து நல்லா இருந்தவன் இன்னிக்கி ஆஸ்பத்திரில படுக்கறதில்லியா?"

"சும்மா எனக்கு பிரஷர் ஏத்தாதீங்க."

"இரு, இதோட பிரஷரையே காட்றேன்!"

ஒரு பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் சென்சாரைத் திருகி, ஒயரை ஆசிலோஸ்கோப்பில் மாட்டினார். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த ஷெட்டிலும் இல்லாத கருவி. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் திரையில் கோடாக ஓடும். பிரிக்காமலே இன்ஜினின் நோயைச் சொல்லிவிடலாம். மிச்ச மூன்று சிலிண்டரில் வண்டியை ஓடவிட்டார். பச்சைக் கோடு மலையும் பள்ளமுமாக ஓடியது.

"பாத்தியா? செத்துக்கினு கீது." குரலில் சோகத்தை வரவழைத்தார்.

குணசுந்தரி திரையருகே குனிந்தாள். "மலை உசரமாத்தானே கீது? அப்ப வால்வு நல்லா மூடுது."

துளசிராமன் திரையைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"புகை வெளிய போற எடத்துல கோடு தரையில படுக்கணும். இது மேலயே தொங்குது. புகை போற வழிதான் அடைச்சிக்கினு கீது."

"உனக்கு... யாரு சொன்னா?"

"நீங்கதான். கஸ்டமருங்களுக்கு நீங்க எடுக்கற பாடம், ரெண்டு வருஷமா சமையக்கட்டு ஜன்னல் வழியா என் காதுல விழுதே!"

நேராக வண்டியின் பின்னால் போனாள். குனிந்தாள். இழுத்தாள்.

"தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த துண்டு!"

துளசிராமன் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பாதி உயிர் அங்கேயே திரும்பி வந்தது.

"பிளக்க மாட்டிட்டு சாவியக் குடுங்க."

கொடுத்தார். பக்கத்து சீட்டில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்தார். குறுகலான சந்து. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் லாரி. கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரே வீச்சில் பின்னால் எடுத்துத் திருப்பினாள் குணசுந்தரி. பொன்னேரியில் இறங்கியதும் காரைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அப்பாடா!

"நல்லாத்தான் ஓட்றே. எப்ப கத்துக்கின?"

"ஆறு மாசம் ஆச்சு. பக்கத்து ஊட்டு உமைரா அக்கா கத்துக் குடுத்தாங்க. லைசென்சும் வாங்கியாச்சு. இருந்தாலும், உங்க கையால சாவி வாங்கணும்னு ஒரு ஆசை."

"அவங்ககிட்ட ஏது காரு?"

"அது எதுக்கு? மத்தியானம் நீங்க சாப்ட்டுத் தூங்கறப்ப நம்ம வண்டி சும்மாதானே நிக்குது."

பெட்ரோல் எங்கே ஒழுகுகிறது என்று தேடி அந்த ஆறு மாதத்தில் மூன்று முறை டேங்கைக் கழற்றி மாட்டியவர் துளசிராமன்.