மயிலம் விபூதியும் மஞ்சள் ஒயரும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இருபத்து நாலு வயது வரை எனக்கு வாய் வந்ததே இல்லை. யாராவது ஒரு வண்டியைக் காட்டி, "இன்னா பிரச்சனைன்னு தெரியலைங்க" என்றால் போதும். பானெட்டைத் திறக்கும் முன்பே நான் வாயைத் திறந்துவிடுவேன். (டிப்ளமோ முடித்த திமிர். இரண்டு அரியரோடு முடித்தேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.)

திண்டிவனத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை திறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதுவரை என்னிடம் வந்தவை மூன்று ஹாரன், ஒரு ஹெட்லைட், பிறகு விலாசம் கேட்டு வந்த ஒருவர். அந்த நேரத்தில்தான் விழுப்புரத்தில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, பஸ் டிரைவர் வேலையை விட்டுவிட்டு ஒரு வேனை வாங்கி கேரவனாக மாற்றியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. முன்சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டால் அதுவே ஹால். சீட்டுக்கு அடியில் அதைச் சுழல விடும் திருகு தட்டை உள்ளூர் வெல்டர் செய்து கொடுத்திருந்தார். சீட் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும்.

முதல் சவாரி அன்றைக்கு. சென்னையிலிருந்து வரும் ரிட்டயரான தம்பதி, பதினொரு மணிக்கு என் கடை வாசலில் ஏறி பத்து நாள் ஊர் சுற்றப் போகிறார்கள். பத்தரை மணிக்கு மாமாவும் அக்காவும் வண்டியோடு வந்து நின்றார்கள். மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு. விளக்கில் ஒரு படம்: ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் ஒரு பந்து. வண்டி மோதினால் விரியும் ஏர்பேக்கில் கோளாறு என்று அர்த்தம்.

"இந்த வெளக்கோட பெரியவங்களை ஏத்திக்கினு போக மாட்டேன். கம்பெனிக்கே ஓட்டிக்கினு போயிடலாம்" என்றார் மாமா.

"என் தம்பி இருக்க சொல்ல கம்பெனி எதுக்குங்க? பத்து நிமிசத்துல பார்த்துடுவான்" என்றாள் அக்கா.

சொன்னதோடு நிற்காமல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். கேரவன் யோசனையே அவளுடையது. வேலையை விடச் சொன்னதும் அவள்தான். முதல் சவாரி நின்றால் ஊர் முழுக்க அவளைத்தான் பேசும். இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அக்கா, நான் ஏர்பேக்கைத் தொட்டதே இல்லை" என்றுதானே? நான் சொன்னது: "பத்து நிமிசம் எதுக்கு, அஞ்சு போதும்."

அக்கா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேகவைக்க வண்டிக்குள் அடுப்புப் பக்கம் போனாள். மாமா சந்தேகத்தோடு, "பேட்டரியைக் கழட்டணுமாடா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பயந்தவங்க பண்றது மாமா."

(இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.) ஏர்பேக் ஒயர்கள் மஞ்சள் நிறத்தில் இருப்பதே "தொடாதே" என்று சொல்லத்தான். பேட்டரியைக் கழற்றி, சற்று நேரம் சும்மா காத்திருந்து, பிறகுதான் கிட்டப் போக வேண்டும். ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லைட்டை அதில் வைக்கவே கூடாது. இன்று இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, சாவி ஆனில் இருக்க, டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை மஞ்சள் ஒயரில் குத்தினேன்.

டமார்!

ஏர்பேக் வெடித்து டேஷ்போர்டு பிளந்தது. முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அதை விடப் பெரிய சங்கதி, டேஷ்போர்டின் மேல் அக்கா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய மயிலம் மலை விபூதி வைத்திருந்தாள். புது வண்டிப் பூஜைக்குப் போய் வாங்கியது. டப்பா கூரையில் மோதிக் கவிழ்ந்தது. ஒன்றுமே தெரியவில்லை. ஒரே வெள்ளைப் புகை. மூன்று பேரும் இருமிக்கொண்டே வெளியே விழுந்தோம். மாமாவின் மீசை வெள்ளை, அக்காவின் பின்னல் வெள்ளை, எனக்குக் கண் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு ஓட்டை.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து அந்தத் தம்பதி இறங்கினார்கள். புகையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். பெரியவர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார்.

"பூஜை முடிஞ்சிடுச்சுங்களா? நாங்கதான் லேட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாக அடக்கத்தான் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கன்னத்து விபூதியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தது. "உன்னை நம்பி அவருகிட்ட அவ்ளோ சொன்னேனேடா" என்றாள். சிரிப்பு அப்படியே நின்றது. செத்துப் போகலாம் போல இருந்தது.

மாமா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஒயரோடு வேலை பார்த்தவராம். முதலில் சாவியை ஆஃப் செய்யச் சொன்னார். மாமாவை பேட்டரியைக் கழற்றச் சொன்னார். காத்திருந்துவிட்டு, டார்ச்சோடு முன்சீட்டுக்கு அடியில் குனிந்தார்.

"இந்த சீட் ஒயருக்கு யாருப்பா சடை பின்னினது?"

எட்டிப் பார்த்தோம். சீட்டுக்குள் இருக்கும் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் ஒயர், முறுக்கு பிழிந்த மாதிரி திருகி, பிளக்கிலிருந்து பாதி பிடுங்கிக்கொண்டு கிடந்தது.

"சீட்டை ஒரே பக்கமாவே சுத்துனீங்களா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா. "ஒரு வாரமா சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்து சுத்திப் பார்த்தாங்க. சாமி படம் முன்னால இருக்குதுல்ல, அதான் வலமாத்தான் சுத்தணும்னு சொல்லிட்டேன். எடமா ஒருத்தரையும் சுத்த விடலைங்க."

ஓமந்தூரிலிருந்து பனமலை வரை இருக்கும் எங்கள் சொந்தபந்தம் அத்தனையும் அந்த சீட்டில் பிரதட்சணம் செய்திருக்கிறது! கோளாறு சீட்டுக்கு அடியில். நான் வெடிக்க வைத்ததோ, ஒரு குறையும் இல்லாத ஏர்பேக்கை.

மாமா பெரியவரிடம் தலை குனிந்து, "இந்த வண்டியில இன்னிக்கு உங்களை ஏத்த மாட்டேனுங்க. வேற வண்டி பார்த்துக்குங்க" என்றார்.

அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். "வெளக்கு எரியுதுன்னு ஏத்த மாட்டேன்னீங்க பாருங்க, அந்த டிரைவர்தான் எங்களுக்கு வேணும். கம்பெனில குடுத்து முழுசா சரி பண்ணுங்க. வெயிட் பண்றோம். ஒரே ஒரு கண்டிஷன்." என் பக்கம் விரல் நீண்டது. "இவரு கை வைக்கக் கூடாது."

அக்கா விசும்பலுக்கு நடுவே சிரித்துவிட்டாள். ஆறு பிளேட் மல்லாட்டை காலியானது. மூன்று வாரம் கழித்து அதே இருவர்தான் முதல் சவாரி போனார்கள். திருகு தட்டில் இப்போது அரைச் சுற்றுக்கு மேல் போகாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது.

மறு வருடம் எனக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்த கையோடு அக்கா என் மனைவியின் காதில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். குடும்ப ரகசியம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஆயிற்று எட்டு வருடம். எங்கள் வீட்டில் மிக்சி சத்தம் மாறினாலும் சரி, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் சரி, என் மனைவி முதலில் ஓடி வந்து என் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். (முதல் மாதம் முழுக்க அதைக் காதல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.)