ஸ்பீக்கர் காக்கா கவிதை பாடிய மாரி

என் காலத்தில் எத்தனையோ கவிஞர்களைப் பார்த்துவிட்டேன். சிலரிடம் மரியாதை வந்தது. பலரிடம் இரக்கம் வந்தது. பொறாமை வந்தது ஒரே ஒருவரிடம்தான். அவருக்குக் கவிதை எழுதத் தெரியாது. எழுதவே தெரியாது என்றாலும் பெரிய பிழையில்லை. கையெழுத்து வைப்பதைத் தவிர வேறெதற்கும் அவர் பேனை பிடித்து நான் கண்டதில்லை. ஊர் அவரை ஸ்பீக்கர் காக்கா என்று அழைத்தது; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் வீதியில், ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் அவருடைய ஒலிபெருக்கிக் கடை. கலியாணம், சுன்னத்து வைபவம், தேர்தல் கூட்டம், எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். ஆள் கட்டை, குரல் நெட்டை. காலமெல்லாம் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்ததில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிவிட்டது. யாரோடு பேசத் தொடங்கினாலும் முதலில் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவார். "பூ... பூ..." என்று ஊதுவார். "ஹலோ, ஹலோ" என்பார். அதற்குப் பிறகுதான் விஷயம். மீன்காரனிடம் விலை கேட்பதற்கும் இதே முறைதான். அவருடைய நிக்காஹ்வில் "கபூல் செய்தேன்" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நிக்காஹ் நடத்திய லெப்பையின் முகத்தைப் பார்த்து "பூ... பூ..." என்று ஊதிவிட்டாராம். மாப்பிள்ளை ஏதோ ஓதி ஊதுகிறார் என்று நினைத்து லெப்பையும் திருப்பி ஊதினாராம். ஊரில் இப்படி ஒரு கதை. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

நான் நிந்தவூர்க்காரன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். நானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அதைவிட முக்கியமாக, கொழும்பிலிருந்து வரும் ஒரு சஞ்சிகையில் என் கவிதைகள் வெளிவந்திருந்தன. கலியாணம் பேசி வந்தவர் இதையும் ஒரு சொத்தாகச் சேர்த்துச் சொல்லியிருந்தார். மாமி தெருவெல்லாம் "கவிஞர் மாப்பிள்ளை" என்று அறிவித்திருந்தார். தெருவும் என்னை மரியாதையோடுதான் பார்த்தது; பெயர் தெரியாத நோய் பிடித்தவனைப் பார்ப்பது போன்ற ஒரு மரியாதை. என் கவிதையை மட்டும் ஒருவரும் வாசிக்கவில்லை.

எங்கள் கரையையே புரட்டிப்போட்ட எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடத்து மாரி அது. மழை என்றால் மழை, விடாத மழை. கலியாணங்கள் எல்லாம் தள்ளிப்போக, ஸ்பீக்கர் காக்காவுக்குத் தொழில் இல்லை. ஆனால் அம்ப்ளிஃபயர் சும்மா கிடக்கக் கூடாதாம்.

"வால்வுக்குக் குளிர் புடிச்சா போச்சி ஸேர்," என்று என்னிடமே விளக்கினார். "நாளுக்கு ஒருக்கா சூடாக்கோணும். மனிசன்ட நெஞ்சு மாதிரித்தான்."

முதலில் இசைத்தட்டுப் போட்டார். அதே பாட்டைக் கேட்டுக் கேட்டு ஊர் ஏசத் தொடங்கியது. ஒரு பின்னேரம் தட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார். "பூ... பூ... ஹலோ. பாட்டு வேணாமெண்டா நானே ஒரு கவி சொல்றன். ஆராவது ஒரு தலைப்புத் தாங்க!"

தையல் கடையிலிருந்து யாரோ "குடை!" என்று கத்தினார்கள். காக்கா கண்ணை மூடினார். மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரல் வந்தது:

"மழை வந்தா என்னத் தேடுவீங்க,
வெயில் வந்தா மூலையில போடுவீங்க,
இரவல் வாங்கிப் போன மச்சான்
மறு மாரிக்கும் கொண்டு வரமாட்டான்!"

தெருவில் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தத் தெரு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. உடனே காக்கா அறிவித்துவிட்டார்: இந்த மாதம் முழுக்க நாளுக்கு ஒரு கவி, நாளுக்கு ஒரு வீடு தலைப்புத் தர வேண்டும். காலையில் ஒரு கையில் குடை, மறு கையில் சைக்கிள் ஹாண்டில் என்று புறப்படுவார். எந்த வேலிப் படலையில் சைக்கிள் மணி அடிக்கிறாரோ அந்த வீட்டுக்கு அன்றைய முறை. "இண்டைக்கு என்ன தலைப்பு?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் "உப்பு" என்னும், "தும்மல்" என்னும். பகலெல்லாம் சைக்கிளிலேயே சுற்றிச் சுற்றிக் கவி கட்டுவார். பின்னேரம் அஸர் தொழுது முடிந்ததும் மைக்.

ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெண்கள் அஸருக்கு முன்னாலேயே அடுப்பு வேலையை முடித்தார்கள். மழையில் கடலுக்குப் போகாத மீன்காரர்கள் தையல் கடைத் தாழ்வாரத்தில் வந்து குந்தினார்கள். எங்கள் பள்ளிக்கூட அதிபர், என் சஞ்சிகையை இரவல் வாங்கி ஒரு பக்கமும் புரட்டாமல் திருப்பித் தந்தவர், வீதியில் என்னை மறித்து காக்காவின் "தும்மல்" கவியைச் சொல்லிக்காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் ஜன்னலை மூடிக்கொண்டு கேட்டேன். ரசிக்க அல்ல, குற்றம் பிடிக்க. எதுகை தடக்குகிறது, சீர் நொண்டுகிறது, கருத்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பிழை கண்டுபிடித்தேன். பிழை நிறையக் கிடைத்தது. பொறாமை மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் எங்கள் படலையில் மணி அடித்தது. நான் எழும்புவதற்குள் மாமி முந்திவிட்டார். "மருமகன்!" என்றார். என்னைக் கூப்பிடுகிறார் என்று ஓடிப் போனேன். அது தலைப்பாம்.

அன்று பின்னேரம் ஊர் முழுக்கக் கேட்டது:

"சோறு குழைஞ்சாலும் சிரிச்சித் தின்பார்,
கறி உறைச்சாலும் கண்ணீர் வார்ப்பார்,
என்ன மருமகன் எண்டு கேட்டா,
தூசி உழுந்திச்சி மாமி என்பார்!"

இரவுச் சாப்பாட்டில் மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருமகன், கறி உறைப்பா?"

"இல்ல மாமி."

"அப்ப என்னத்துக்குக் கண் கலங்கிக் கிடக்கு?"

"தூசி மாமி," என்றேன். மாமி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை என் சோற்றுக் கோப்பை வரைக்கும் வந்தது. என் மனைவி ஜெஸீமா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

இனி விட முடியாது என்று தீர்மானித்தேன். அடுத்த நாள் காலை வீதியில் அவரை வழிமறித்து, இன்றைய தலைப்பு என்னுடையது என்றேன்.

"சொல்லுங்க ஸேர், சொல்லுங்க!" முகமெல்லாம் சந்தோஷம்.

"இருத்தலின் வெறுமை," என்றேன்.

அவர் உள்ளங்கையைத் தட்டினார், ஊதினார். "ஹலோ... அது என்ன சாமான் ஸேர்?"

மழையில் நின்றபடி அவருக்கு விளக்கினேன். மனிதன் ஏன் இருக்கிறான், இருந்து என்ன பயன், இருப்பதே ஒரு சுமை என்றெல்லாம் சொன்னேன். அவர் தன் குடையை என் தலைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இன்றோடு ஆள் முடிந்தார் என்று வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஹலோ, ஹலோ. இண்டையத் தலைப்பு நம்மட ஸேர் தந்த. பெரிய தலைப்பு. கவனமாக் கேளுங்க.

கலியாண ஊட்டுல இருக்கப் போனேன்,
கதிர எல்லாம் ஆக்கள் ஏறி!
நிண்டு நிண்டு கால் கடுத்து
ஊட்ட வந்தேன், சோறும் ஆறி!
இருத்தலின் வெறுமை இதுதான் மனே,
தலைப்புத் தந்தவர் ஸேர்தான் தானே!"

எங்கள் ஊரில் இருத்தல் என்றால் நாற்காலியில், அதாவது கதிரையில், உட்காருவதுதான். அன்றிலிருந்து நான் "வெறுமை ஸேர்" ஆனேன். பின்னாளில் மாற்றலாகி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்பே அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மாதம் முடியும் தறுவாயில் மறுபடியும் எங்கள் படலையில் மணி. காக்காவின் குரல் கரகரத்துக் கிடந்தது; மழையில் திரிந்ததன் பலன். இம்முறை கதவுக்குப் பின்னாலிருந்து ஜெஸீமா பதில் சொன்னாள். யோசிக்கவே இல்லை, தயாராக வைத்திருந்தாள். "ஒழுக்கு, காக்கா."

சூறாவளி கிளப்பிய ஓடுகளை மேசன் வந்து சரியாக மாற்றவில்லை. எங்கள் அறைக்குள் கூரையிலிருந்து ஒரே ஒழுக்கு. எல்லாம் சரி. ஆனால் அந்த ஒழுக்குக்குக் கீழே மேசை போட்டுக் கவிதை எழுதுகிறவன் நான் அல்லவா?

"எனக்கிட்ட நீ ஒரு நாளும் ஒரு தலைப்புத் தரல்லியே," என்றேன்.

அவள் நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க கேக்கல்லியே மச்சான். அவர் கேட்டார்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றப் போய்விட்டாள்.

நான் கட்டிலில் போய்க் குந்தினேன். கோபப்படவும் இடமில்லை.

அஸருக்குச் சற்று முன்பு காக்காவே வந்து நின்றார். காய்ச்சல். கழுத்தில் துவாய். உள்ளங்கையைத் தட்டினார், ஊதினார், வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. ஊருக்கே குரல் கொடுத்தவருக்கு ஒரு சொட்டுக் குரல் இல்லை.

என் காதுக்குள் வாயை வைத்து, "கவியும் வரல்ல ஸேர்," என்று முனகினார். "சனம் வந்து குந்திட்டு. இண்டைக்கு விட்டா மாதம் உடைஞ்சி போகும். நீங்க ஒண்டு சொல்லிக் குடுங்களன். நீங்கதானே மெய்யான கவிஞர்."

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு போனேன். கடைக்குப் போகிற வழியில், மழைக்குள், ஒரு கவி தானாக வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"வாளி வெச்சா டொக் டொக் டொக்,
சட்டி வெச்சா டிக் டிக் டிக்,
மச்சான் நெத்தியில மட்டும் வந்து
மழைக்கு என்ன சொட் சொட் சொட்?
தள்ளிப் படுத்தா ரெண்டு பேரும் நனைவம்,
ஒட்டிப் படுத்தா ஒராள்தான் நனைவம்.
ஓடு மாத்த வாற மேசனாரே,
மாரி முடியட்டும், ஆறுதலா வாங்க!"

தாழ்வாரமே சிரிப்பில் இடிந்தது. மீன்காரர்கள் விசில் அடித்தார்கள். அந்த மாதத்திலேயே அப்படி ஒரு வரவேற்பு வேறெந்தக் கவிக்கும் கிடைக்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினேன். எல்லோரும் காக்காவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காக்கா, இதுதான் உங்கட திறம் கவி!"

"ஸேர் வாசிச்சதும் பரவாயில்ல, என்ன?"

காக்கா இரண்டு கையையும் ஆட்டினார், என்னைச் சுட்டிக் காட்டினார், தொண்டை கிழிய "ஸேர்ட கவி, ஸேர்ட கவி" என்று காற்றாக ஊதினார். "பாருங்க, எவ்வளவு பெருந்தன்மை!" என்றார் அதிபர்.

நான் எழுதியதிலேயே ஊர் கொண்டாடிய ஒரே கவிதை. அதுவும் அவருடையதாகிவிட்டது.

மறுநாள் காலை அவர் ஓடி வந்தார். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. "ஸேர், வந்து ஒருக்கா சொல்லுங்க. எங்கட ஊடு தகரம். சொட்டுத் தண்ணி ஒழுகாது. பொஞ்சாதி ராவு முழுக்கக் கேக்கிறா, ஆருட ஊட்டுல ஒழுகின எண்டு!"

போனேன். அவருடைய மனைவி, கட்டையான ஆளுக்கு ஏற்ற நெட்டையான அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, வாசலில் அகப்பையோடு நின்றார்.

"ராத்தா, அந்தக் கவி என்னோடது," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வெறுமை ஸேர்தானே? உங்களுக்கு இப்படி எழுத வராது தம்பி. இவருக்காகப் பொய் சொல்லாதீங்க."

சத்தியம் செய்தேன். சஞ்சிகையைக் கொண்டு வந்து காட்டினேன். அதைப் பார்த்த பிறகு அவருடைய சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில் ஜெஸீமாவே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "ராத்தா, எங்கட ஊட்டுலதான் ஒழுகுது. வந்து பாருங்க."

ராத்தா வந்தார். எங்கள் அறைக்குள் நின்று கூரையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அதே நேரம் ஒரு சொட்டு என் தலையணையில் வந்து விழுந்தது. பக்கத்திலிருந்த மற்றத் தலையணை காய்ந்து கிடந்தது. ராத்தா ஜெஸீமாவைப் பார்த்தார். அவள் சிவந்து நிலத்தைப் பார்த்தாள்.

"மெய்தான்," என்றார் ராத்தா. "இது ஸேர்தான் எழுதின."

ஒரு கவிஞனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடைக்க முடியாது. ஆனால் அதை ராத்தா வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமும் அல்ல. காக்கா மிச்ச நாட்களையும் பாடி முடித்தார். மழை ஓய்ந்தது, கலியாணங்கள் தொடங்கின, ஸ்பீக்கர் மறுபடியும் தென்னை மரம் ஏறியது. முதல் கலியாணத்தன்று மாலை நான் குசினி வாசலில் போய் நின்று, வெட்கத்தை விட்டு, ஜெஸீமாவிடம் ஒரு தலைப்புக் கேட்டேன். "இருங்க, யோசிச்சிச் சொல்றன்," என்றாள். அது எங்கள் சொந்தக் கதை.

பிறகு காக்கா வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போனார். சில வருடங்கள் கழித்து வந்தவரை பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் கண்டேன். நான் உம்மாவைப் பார்க்க நிந்தவூருக்குப் போக நின்றேன்.

"அந்த மாரியில சொன்ன கவியெல்லாம் ஞாபகமா காக்கா?"

"மழை ஞாபகமிரிக்கி ஸேர். கவி ஒண்டுமில்ல. சொன்ன கையோட போயிடும்."

எனக்குள்ளிருந்து ஒரு கவியும் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பாடிய நுளம்புக் கவியை, கொசுக் கவியை, சொன்னேன்:

"காதோரம் வந்து கதை பேசும்,
கைய ஓங்கினா தூரப் போகும்,
சொந்தக்காரரும் இப்படித்தான் மனே,
கடிச்ச பிறகுதான் தெரியும் பாசம்!"

காக்கா தேத்தண்ணி சிந்தச் சிரித்தார். "ஆரு ஸேர் இத எழுதின? பொல்லாத ஆளா இரிக்கானே!"

"ஓம் காக்கா. பொல்லாத கவிஞன்."

"இன்னொண்டு சொல்லுங்களன்," என்று கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிந்தவூர் பஸ் வந்தது, ஆட்களை ஏற்றியது, போனது. நான் அடுத்த கவியைத் தொடங்கியிருந்தேன்.