மடி மாமாவின் வாசல் கம்ப்யூட்டர்

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு என் மகள் பிருந்தாவின் லேப்டாப்பில், கேமரா ஓடும்போது மட்டும் எரியும் பச்சை விளக்கு தானாக எரிந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். கட்டிலை உதறப் போன நான்தான் பார்த்தேன். அடுத்த நிமிடம் எதிர் ஃபிளாட் மடி மாமாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் தீட்டு படாமல் மடி பார்ப்பவர்கள் ஏராளம். கம்ப்யூட்டருக்கு மடி பார்ப்பவர் ஈரேழு பதினாலு லோகத்திலும் இவர் ஒருத்தர்தான்.

வெளியே போய்வந்த பென் டிரைவ் அவர் வீட்டுக்குள் நேரே நுழைய முடியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்தது என்றால் கேட்கவே வேண்டாம். செருப்பு ஸ்டாண்டை ஒட்டி, இன்டர்நெட்டே இல்லாத ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு 'வாசல் கம்ப்யூட்டர்' என்று பெயர். பென் டிரைவை இடுக்கியால் பிடித்து அதில் செருகி, வைரஸ் இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே அனுமதி.

"ஊர்ல இருக்கற மெஷின்ல எல்லாம் நுழைஞ்சுட்டு வர்றது. அப்படியே உள்ள விடச் சொல்றேளா?" என்பார்.

கேமராவைக் கண்டால் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். ஒருமுறை எங்கள் வாசல் கதவில் எட்டிப்பார்க்கும் துளைக்கும் ஒட்டிவிட்டார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓடிபி கேட்டபோது, மாமா அவரைப் படிக்கட்டு மூலைக்கு அழைத்துப்போய்க் காதுக்குள் சொன்னார். "கூசுது சார்!" என்று அவர் நெளிந்தது மூன்று மாடிக்கும் கேட்டது.

பிருந்தாவுக்கும் ஒரு பிளாஸ்திரி கொடுத்திருந்தார். "அசிங்கமா இருக்கும்மா" என்று அவள் உரித்துப் போட்டுவிட்டாள்.

பச்சை விளக்கு என்றதும் மாமா எழுந்துவிட்டார்.

"நெட்டை அணைச்சேளா?"

"இல்ல மாமா."

"முதல்ல அதை அணையுங்கோ. அப்புறம் அழலாம்."

எங்கள் வாசலுக்கு வந்து, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டார். "இதுல புதுசா யாராவது எதையாவது ஏத்தினேளா?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு லிங்க் வந்ததாம். பெருமாள் தரிசனம், நேரலை, இலவசம். பெரிய திரையில் பார்க்கலாமே என்று, அது கேட்ட புரோகிராமை மகளின் லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறார்.

"நம்ம மொட்டைமாடியிலேர்ந்து கோபுரம் தெரியறதே சார்!"

"கோயில்ல கூட்டமா இருக்குங்களே மாமா..."

"இப்போ கூட்டம் உங்காத்துக்குள்ளயே வந்தாச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் தெரிந்ததும் பிருந்தா அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்த லேப்டாப் எந்நேரமும் அவள் கட்டிலில்தான் கிடக்கும். அவள் உடை மாற்றுவதும் அங்கேதான். எவனாவது பார்த்திருந்தால்? படம் எடுத்து வைத்திருந்தால்? "சாப்பிட வாம்மா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். கதவு திறக்கவில்லை.

மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வந்தது மடி மாமாவின் மனைவி. என்னைத் தாண்டி நேரே பிருந்தாவின் அறைக் கதவுக்குப் போனார்.

"பிருந்தா, அந்தத் திருட்டுப் புரோகிராமை மாமா பிடிச்சுட்டார். அது எடுத்து வச்ச போட்டோவை எல்லாம் நான் ஒருத்திதான் பார்த்தேன். நீ மூடியை முழுசா மல்லாத்தி, கேமரா மேல பார்க்கத்தானே போட்டு வைப்பே? எல்லாத்துலயும் உங்காத்து சீலிங் ஃபேன்தான்டி! றெக்கை பூரா தூசி. கடைசி ஒண்ணுல மட்டும் உங்கம்மா, வாயைப் பிளந்துண்டு."

தாழ்ப்பாள் திறந்தது. பிருந்தா அழுத முகத்தோடு சிரித்தாள். "மாமா பார்த்தாரா?" என்று மெல்லக் கேட்டாள்.

மாமி வாசலைக் காட்டினார். மடி மாமா உள்ளே வராமல், எங்களுக்கு முதுகைக் காட்டி லிஃப்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஒண்ணுமே பார்க்கலை குழந்தே," என்றார் லிஃப்டிடம். "போட்டோன்னு தெரிஞ்சதுமே கண்ணாடியைக் கழட்டிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டேன். நீ போய்ச் சாப்பிடு."